கோபுரம் இல்லாத ரெலிபோன் கம்பனி



சென்ற இதழில் வீட்டு வாடகை ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பதினொரு கடிதங்கள் வந்ததாக ஆசிரியர் சொன்னார். பத்துக் கடிதங்கள் வீட்டுக்காரரைத் திட்டி எழுதப்பட்டவை. அவற்றுக்கு நான் பதில் எழுதப் போவதில்லை, ஏனென்றால் அவற்றில் கேள்வி ஒன்றும் இல்லை. பதினோராவது கடிதத்தைத்தான் ஆசிரியர் என் கையில் தந்தார். நாட்டுக்கு வந்து எட்டு மாதமே ஆன ஒரு சகோதரி எழுதியது. பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவரே கேட்டிருக்கிறார்.

விடயம் இதுதான். அவருடைய கணவரின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இங்கே சிம் காட் கம்பனி தொடங்கப் போகிறாராம். பங்கு ஒன்று 5,000 டொலர். இரண்டு பங்கு எடுக்கும்படி சொல்கிறாராம். கோபுரம் ஒன்றும் கட்டத் தேவையில்லை, பெரிய கம்பனியின் கோபுரத்தையே பாவிக்கலாம், லண்டனில் எம்மவர் ஒருவர் 2006இல் லைக்காமொபைலைத் தொடங்கியது இப்படித்தானே என்று கேட்கிறாராம். சகோதரியிடம் ஊரில் காணி விற்ற காசு கொஞ்சம் இருக்கிறது. "கோபுரம் இல்லாமல் ரெலிபோன் கம்பனி நடத்த முடியுமா, அல்லது எங்களைப் பேய்க்காட்டுகிறாரா?" என்று கேட்டிருக்கிறார்.

நடத்த முடியும், அக்கா. பேய்க்காட்டுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பதிலை இதோடு முடித்தால் அது அரைப் பதில். மீதியைச் சொல்ல நான் கென்யாவரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் என்னுடைய கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு, பாண் பெக்டரியில் இரவு வேலை செய்கிறவனுக்கு ரெலிபோன் கம்பனியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2013இல் நானும் இரண்டு நண்பர்களும் ஆளுக்கு 4,000 டொலர் போட்டு, ஊருக்குக் கதைக்கிற ரெலிபோன் காட்டுகளை மொத்தமாக வாங்கிக் கடைகளுக்குப் போட்டோம். ஆறு மாதம் நல்ல ஓட்டம். ஒரு சனிக்கிழமை காலை காட்டுகள் எல்லாம் செத்துப் போயின. சுரண்டி நம்பரை அடித்தால் "இந்த இலக்கம் பாவனையில் இல்லை" என்ற சத்தம் மட்டும் வந்தது. எங்களுக்குக் காட் தந்தவர், தனக்கு மேலே இருந்த கம்பனிக்குக் காசு கட்டவில்லை. அந்தக் கம்பனியோ நிமிடங்களை இன்னொரு கம்பனியிடம் வாங்கி விற்றது. யாருடைய வயர், யாருடைய இயந்திரம் என்று எங்களுக்குத் தெரியாது. சனங்களுக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த முகம் எங்களுடைய முகம்தான். கடைக்காரர்கள் திருப்பித் தந்த காட்டுகள் இரண்டு பெட்டி நிறைய என் கட்டிலுக்குக் கீழே கனகாலம் கிடந்தன. அந்தக் கடனை இரண்டு வருடம் பாண் சுட்டு அடைத்தேன்.

இனி கென்யா.

என்னோடு அதே அடுப்பு வரிசையில் கென்ய நாட்டவர் ஒருவர் வேலை செய்கிறார். ஐம்பது வயது இருக்கும். நைரோபிக்கு வடக்கே முராங்கா என்ற மலைப் பக்கம், கோப்பித் தோட்டக்காரக் குடும்பம். விடியப்புறம் மூன்று மணிக்கு இடைவேளை. ஒருநாள் நான் வங்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேர்சைத் திறந்து உள்ளே ஒரு கடதாசி மடிப்பில் இருந்து நகத்தளவு சின்ன ஒரு தோலை எடுத்துக் காட்டினார். வெங்காயத் தோல்போல மெல்லியது, நடுவில் பொன் நிறத்தில் புள்ளிகள். "இது என்ன தெரியுமா? இதுதான் என்னுடைய வங்கி" என்றார். நான் பகிடி என்று நினைத்தேன். பிறகு அவர் சொன்னதையும், நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கென்யாவில் சபாரிகொம் என்று ஒரு ரெலிபோன் கம்பனி. மூன்று பேர் கையில் ரெலிபோன் இருந்தால் இரண்டு அவர்களுடையதாக இருக்கும், அவ்வளவு பெரியது. 2007 மார்ச்சில் அவர்கள் எம்-பெசா என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். பெசா என்றால் சுவாகிலி மொழியில் காசு, எங்கள் பைசாவுக்கு உறவுக்காரச் சொல். நைரோபியில் கூலி வேலை செய்கிறவர் தெருமுனைக் கடையில் காசைக் கொடுப்பார். கடைக்காரர் அதை அவருடைய ரெலிபோன் கணக்கில் ஏற்றுவார். அவர் ஒரு குறுஞ்செய்தியில் கிராமத்திலிருக்கும் தாய்க்கு அனுப்புவார். தாய் தன் ஊர்க் கடையில் நம்பரைக் காட்டிக் காசை எடுத்துக்கொள்வார். வங்கியும் வேண்டாம், பஸ்காரனிடம் கடித உறைக்குள் வைத்துக் கொடுத்துவிடவும் வேண்டாம். உண்டியல் முறையில் காசு அனுப்பின எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இங்கே உண்டியல்காரர் ஒரு தனி மனிதர் இல்லை. கோபுரம், அலைவரிசை, சிம் காட், கடைகள் எல்லாமே ஒரு கம்பனியின் கையில்.

மறுபக்கம் எக்குவிட்டி என்று ஒரு வங்கி. இது 1984இல் முராங்காவில் கங்கேமா என்ற சின்ன ஊரில் வீட்டுக் கடன் சங்கமாகத் தொடங்கியது. 1993இல் முறிந்து போகிற நிலை. கொடுத்த கடனில் பாதிக்கு மேல் ஒழுங்காகத் திரும்பவில்லை. அந்த வருடம் வந்து சேர்ந்த ஜேம்ஸ் முவாங்கி என்ற கணக்காளரும் மற்றவர்களும் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். வழி எளிதானது. பெரிய வங்கிகள் வாசலில் நிற்கவும் விடாத சனங்களுக்கு, கோப்பிக்காரர், தேயிலைக்காரர், சந்தையில் தக்காளி விற்கிறவர் எல்லாருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தார்கள். 2004 முடிவில் அது முழு வங்கியானது. பத்து வருடத்தில் எண்பது லட்சத்துக்கு மேல் கணக்குகள். என்னுடைய நண்பரின் தாய்க்கு அந்தப் பழைய சங்கத்துப் புத்தகம் இன்னும் பெட்டிக்குள் இருக்கிறதாம்.

இந்த இரண்டு பேரும் 2010 மே மாதத்தில் கைகோர்த்து எம்-கேஷோ என்ற சேமிப்புக் கணக்கைக் கொண்டுவந்தார்கள். ஒத்துவரவில்லை. 2012 நவம்பரில் சபாரிகொம் வேறொரு வங்கியோடு சேர்ந்து எம்-ஷ்வாரி என்ற சேமிப்பும் கடனும் தருகிற திட்டத்தைத் தொடங்கியது. எக்குவிட்டி வெளியே நின்றது.

இந்த இடத்தில்தான், அக்கா, நீங்கள் கவனிக்க வேண்டும். வங்கியிடம் சனம் இருக்கிறது, காசு இருக்கிறது, கிளைகள் இருக்கின்றன. ஆனால் சனம் வங்கிக்கு வருகிற ஒழுங்கை ரெலிபோன் கம்பனியுடைய வளவுக்குள்ளால் போகிறது. நட்சத்திரம், நம்பர், கேற் குறி அடித்தால் ரெலிபோனில் ஒரு பட்டியல் வருமே, அந்தப் பட்டியலைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் கம்பனிக்குக் கட்டணம். சிம் காட்டுக்குள்ளேயே இருக்கிற பட்டியல் இன்னும் வசதி, விரைவு. ஆனால் அதற்குள் எதைப் போடுவது என்று தீர்மானிக்கிறவர் சிம் காட்டைக் கொடுக்கிறவர்தான். அந்தக் கம்பனியே சேமிப்பும் கடனும் விற்கத் தொடங்கினால், தன்னுடைய போட்டிக்காரனுக்கு ஒழுங்கையை அகலமாக வைத்திருப்பானா?

எனவே வங்கி, தானே சிம் காட் கொடுக்கிற கம்பனியாக மாற முடிவெடுத்தது. கோபுரம் கட்டினால் பல வருடம், கோடிக்கணக்கில் காசு. அலைவரிசையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதனால் இன்னொருவருடைய கோபுரத்தை வாடகைக்கு எடுப்பது. இப்படி வாடகைக் கோபுரத்தில் ஓடுகிற கம்பனியை ஆங்கிலத்தில் எம்.வி.என்.ஓ. என்று சொல்கிறார்கள். தமிழில் மெய்நிகர் வலையமைப்பு என்று எழுதக் கண்டேன். எனக்கு அது நாக்கில் வரவில்லை. நான் குத்தகைக் கம்பனி என்றே சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கிணறும் காணியும் இன்னொருவருடையதாக இருக்கும். தண்ணீர் முறையைக் காசுக்கு வாங்கி, வெங்காயம் போடுகிறவர் வேறு ஆளாக இருப்பார். சந்தையில் வெங்காயம் அவருடைய பெயரில்தான் விலைப்படும். கிணற்றுக்காரர் முறையை நிறுத்தினால் வாடுவதும் அவருடைய வெங்காயம்தான்.

2014 ஏப்ரிலில் கென்யாவின் தொடர்பாடல் அதிகாரசபை மூன்று குத்தகைக் கம்பனிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஒன்று எக்குவிட்டி வங்கியின் பின்சேர்வ். மற்ற இரண்டு மொபைல் பே, சியோன்செல் என்பவை. மூன்றுக்கும் கோபுரம் கொடுக்க முன்வந்தது எயார்டெல். இந்தியக் கம்பனி, 2010இல் ஆபிரிக்காவில் பல நாடுகளின் வலையமைப்புகளை மொத்தமாக வாங்கியிருந்தது. ஏன் எயார்டெல்? சபாரிகொம்முக்குப் பக்கத்தில் அது வெகு தூரத்தில் இரண்டாம் இடம். கோபுரங்கள் கட்டியாகிவிட்டன, ஆனால் சனம் போதாது. அறை காலியாகக் கிடக்கிற வீட்டுக்காரன்தான் வாடகைக்கு ஆள் தேடுவான். வீடு நிறையச் சனம் இருக்கிறவன் தேடமாட்டான்.

எக்குவிட்டெல் என்று பெயர் வைத்தார்கள். 0763 என்று தொடங்கும் நம்பர். ஆனால் ஒரு பெரிய சிக்கல். சனம் சபாரிகொம் சிம்மைக் கழற்றி எறியாது. எம்-பெசா அதில்தானே இருக்கிறது. கடன்காரன், மாமன், மச்சான், பள்ளிக்கூட வாத்தியார் எல்லாருக்கும் அந்த நம்பர்தான் தெரியும். கிராமத்தில் முக்கால்வாசிப் பேரிடம் ஒரு சிம் போடுகிற பழைய ரெலிபோன். இரண்டாவது சிம்மை எங்கே போடுவது?

அதற்குத்தான் என் நண்பரின் பேர்சில் இருந்த அந்தத் தோல். தாய்வானில் ரைசிஸ் என்ற கம்பனி செய்தது. தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. பழைய சிம்முக்கு மேல் ஒட்டி, அப்படியே ரெலிபோனுக்குள் திரும்பத் தள்ளிவிட வேண்டியது. ரெலிபோன் முதலில் தோலைத் தொடும், தோல் கீழே இருக்கும் சிம்மைத் தொடும். பட்டியலில் போய் எந்த நம்பர் வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரு சிம் ரெலிபோன் இரண்டு சிம் ரெலிபோன் ஆகிவிடும். சபாரிகொம் சிம்மின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு எக்குவிட்டி வியாபாரம் செய்யும். இதை அவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான்.

சபாரிகொம் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு தோல் இருந்தால் மேலும் கீழும் போகிற எல்லாம் அதன் வழியாகத்தான் போகும், எம்-பெசா இரகசிய இலக்கத்தைக்கூட அது வாசிக்கலாம் என்று அதிகாரசபைக்கு முறையிட்டது. பாராளுமன்றக் குழு விசாரித்தது. 2014 செப்டெம்பரில் அதிகாரசபை, ஒரு வருடம் பரீட்சார்த்தமாக நடத்திப் பார்க்கலாம் என்று அனுமதித்தது. பிறகு வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போனது. 2015 மே மாதத்தில் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதே வருட நடுப்பகுதியில் வங்கிக் கிளைகளில் தோல் சிம்மைப் பகிரங்கமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

பாதுகாப்பு என்று சபாரிகொம் சொன்னது முழுப் பொய் என்று நான் நினைக்கவில்லை. நடுவில் இருக்கிறவன் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆபத்தைப் பற்றி அவ்வளவு உரத்துப் பேசியவர், அதனால் வியாபாரம் குறையக்கூடியவர் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இழுபறி நடந்துகொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு காரியம் நடந்தது. எம்-பெசா முகவர் கடைகள் வேறு யாருடைய காசையும் தொடக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. 2014 யூலையில் அது நீங்கியது. அடுத்த மாதம் சபாரிகொம், சின்னத் தொகை அனுப்புகிற கட்டணங்களைக் குறைத்தது. சில தொகைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு குறைப்பு. குத்தகைக்காரன் வாசலில் வந்து நிற்பதனால்தான் குறைத்தோம் என்று அவர்கள் சொல்லவில்லை. திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எக்குவிட்டெல் சிம்மை ஒருநாளும் கையால் தொடாத கூலிக்காரருக்கும் அந்தக் குறைப்பில் பங்கு கிடைத்தது.

சனத்துக்கு அது என்ன செய்தது என்று நண்பரிடம் கேட்டேன். அவருடைய தாயின் ரெலிபோனில் 2015 கடைசியில் வங்கிப் பெண்பிள்ளை ஒருவர் தோலை ஒட்டிக் கொடுத்தாராம். கணக்கிலிருந்து இன்னொரு எக்குவிட்டிக் கணக்குக்குக் காசு அனுப்பக் கட்டணம் இல்லை. கடனும் ரெலிபோனிலேயே கேட்கலாம். அடுத்த வருடம் ஒரு இரவு அவர்களுடைய பசு கன்று போட முடியாமல் கஷ்டப்பட்டது. மாட்டு வைத்தியருக்கு முன்காசு வேண்டும். தாய் பட்டியலில் போய்க் கடன் கேட்டு, சில நிமிடத்தில் காசு கணக்கில் விழுந்தது. முன்பென்றால் விடியும்வரை காத்திருந்து, பஸ் ஏறி, வங்கியில் வரிசையில் நின்று, இரண்டு பிணைகாரரைக் கூட்டிப்போக வேண்டும். அதற்குள் பசு செத்துவிடும்.

"எல்லாம் நல்லதுதானே" என்றேன்.

"நில், பிரதர். கதை முடியவில்லை" என்றார். அவர்களுடைய வீடு மலைச் சரிவில். சபாரிகொம் சிக்னல் குசினிக்குள்ளும் வரும். எயார்டெல் சிக்னல் வீட்டுக்குள் இல்லை. எக்குவிட்டெல் ஓடுவது எயார்டெல் கோபுரத்தில் அல்லவா? அதனால் அன்று இரவு எழுபது வயதுத் தாய் ரோர்ச் லைற்றோடு கோப்பித் தோட்டத்தின் மேல் எல்லைவரை ஏறி, அங்கே ஒரு மரத்தடியில் நின்றுதான் கடன் கேட்டார். வங்கி எவ்வளவு நல்ல வங்கியாக இருந்தாலும், அந்தச் சரிவில் ஒரு கோபுரம் நாட்டு என்று எயார்டெல்லுக்குச் சொல்ல அதற்கு உரிமை இல்லை. வாடகைக்கு இருக்கிறவர் வீட்டுக்காரரிடம் ஒரு யன்னல் கூடுதலாக வைத்துத் தரும்படி கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அதனால் தாய் என்ன செய்தார் தெரியுமா? கதைப்பது சபாரிகொம்மில். கடையில் சீனி வாங்குவது எம்-பெசாவில். கடனுக்கும் சேமிப்புக்கும் மட்டும் தோல் சிம். ஊர் முழுக்க அப்படித்தான் என்றார் நண்பர். நாட்டுக் கணக்கைப் பார்த்தாலும் அதுதான் தெரிகிறது. கென்யாவில் நூறு சிம் காட் எடுத்தால் எக்குவிட்டெல் ஒரு சில மட்டுமே. ஆனால் அந்த வங்கி கொடுத்த கடன்களை எண்ணிப் பார்த்தால் பெரும்பகுதி கைத்தொலைபேசி வழியாகவே போக ஆரம்பித்தது. ரெலிபோன் கம்பனியாகப் பார்த்தால் குள்ளன், வங்கியின் வாசலாகப் பார்த்தால் அகலமான வாசல்.

கடன் சுலபமாகக் கிடைப்பதில் ஒரு பொல்லாப்பும் உண்டு. கென்யாவில் ரெலிபோனில் கடன் கொடுக்கிறவர்கள் பெருகி, சின்னத் தொகையைக் கட்டமுடியாமல் பெயர் கெட்டுப்போன இளைஞர்கள் ஏராளம். நண்பரின் தங்கை மகனும் அதில் ஒருவன். அதைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

2014இல் அனுமதி வாங்கிய மற்ற இரண்டு கம்பனியும் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தலைதூக்கவில்லை. ஒரே நாடு, ஒரே வருடம், ஒரே கோபுரக்காரர், ஒரே சட்டம். எக்குவிட்டெல் மட்டும் நின்று பிடித்தது. நான் இதை இரவு வேலையில் பலநாள் யோசித்தேன். கதைக்கிற நிமிடத்தை மட்டும் வாங்கி விற்றால், வாங்குகிற விலையைக் கோபுரக்காரன் தீர்மானிப்பான். விற்கிற விலையைப் பெரிய கம்பனி தீர்மானிக்கும். நடுவில் நிற்கிறவனுக்கு மூச்சு விடவும் இடம் இருக்காது. எக்குவிட்டிக்கு நிமிடத்தில் லாபம் வரவேண்டிய கட்டாயம் இல்லை. அதன் சாப்பாடு வேறு பானையில் வேகிறது. சிம் காட் அதற்கு வியாபாரம் அல்ல, தன்னுடைய சனத்திடம் யாரையும் கேட்காமல் போவதற்கு ஒரு ஒழுங்கை. பிறகு நல்ல ரெலிபோன்கள் மலிந்து, எந்தச் சிம்மிலும் வங்கியின் செயலி ஓடும் காலம் வந்தபோது, அந்த ஒழுங்கையின் அவசியமே குறைந்துவிட்டது. வங்கி முறியவில்லை. ஒழுங்கை மட்டும் வைத்திருந்தவன் என்றால் முறிந்திருப்பான்.

தென்னாபிரிக்காவிலும் இதே சங்கதிதான். அங்கே 2006இல் வேர்ஜின் மொபைல் குத்தகைக்கு வந்தது. 2015இல் எப்.என்.பி. என்ற வங்கி, 2022இல் கபிரெக் என்ற வங்கி. கபிரெக் தொடங்கும்போது டேற்றா ஒரு கிகாபைற் 45 ராண்ட், வாங்கினது காலாவதி ஆகாது என்று அறிவித்தது. மாத முடிவில் மிச்ச டேற்றா மறைந்துபோவதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு இது சின்ன விடயம் இல்லை. இந்த மூன்றுக்கும் கோபுரம் கொடுத்தது செல் சி என்ற கம்பனி. மறுபடியும் பாருங்கள், காலி அறை உள்ள வீட்டுக்காரன். அதைவிட ஒரு விசேஷம். செல் சி தானே கடனில் மூழ்கி, தன்னுடைய கோபுரங்களை அணைத்துவிட்டு, எம்.ரி.என்., வொடகொம் என்ற இரண்டு பெரியவர்களின் வலையமைப்பில் ஏறிக்கொண்டது. 2023இல் அந்த மாற்றம் முடிந்தது. ஆகவே குத்தகைக்காரனுக்குக் கீழே குத்தகைக்காரன். என் கட்டிலுக்குக் கீழே இருந்த இரண்டு பெட்டிகள் எனக்கு ஞாபகம் வந்தன.

இனி அக்கா, உங்களுடைய 10,000 டொலருக்கு வருவோம்.

தம்பி சொன்ன லைக்காமொபைல் உதாரணம் பொய் இல்லை. முல்லைத்தீவில் பிறந்த ஒருவர் தொடங்கிய கம்பனி, கோபுரம் இல்லாமல் பல நாடுகளில் ஓடியது. ஆனால் அது தொடங்கிய காலத்தில் வெளிநாட்டு அழைப்பு விலை உயர்ந்த பொருள். எங்களைப்போல அந்நிய நாட்டில் இருந்து ஊருக்குக் கதைக்கத் தவித்த சனம் இலட்சக்கணக்கில் இருந்தது. அந்தத் தவிப்புத்தான் முதல். இன்று நீங்கள் அம்மாவோடு கதைக்க என்ன செய்கிறீர்கள்? வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறீர்கள். அப்படியானால் தம்பியின் கம்பனி எந்தத் தவிப்பைத் தீர்க்கப் போகிறது என்று அவரிடம் கேளுங்கள். "விலை குறைவு" என்று மட்டும் சொன்னால், யார் குறைத்துக் கொடுப்பதால் குறைவு, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள்.

கோபுரக்காரரோடு எழுதின ஒப்பந்தம் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். கனடாவில் 2021 ஏப்ரிலில் சி.ஆர்.ரி.சி. என்ற அதிகாரசபை, பெரிய கம்பனிகள் தங்கள் வலையமைப்பைச் சின்னக் கம்பனிகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தது. இதைத் தம்பி உங்களுக்குச் சொல்லக்கூடும். ஆனால் அந்த உரிமை, சொந்த அலைவரிசையும் சொந்த வலையமைப்பும் உள்ள மாகாணக் கம்பனிகளுக்குத்தான். கையில் ஒன்றும் இல்லாமல் வருகிறவருக்கு எந்தக் கோபுரக்காரரும் கதவு திறக்கக் கடமைப்பட்டவர் இல்லை. அவர் பேசித்தான் வாங்க வேண்டும். தம்பி நேராகக் கோபுரக்காரரிடம் வாங்குகிறாரா, அல்லது வாங்கி விற்கிறவரிடம் வாங்குகிறாரா? இரண்டாவது என்றால் நான் 2013இல் நின்ற படியில்தான் நீங்களும் நிற்பீர்கள்.

மேலிருப்பவர் ஒரு சனிக்கிழமை காலை இணைப்பை வெட்டினால், சனத்துக்குப் பதில் சொல்வது யார்? பங்குக் கடதாசியில் உங்கள் கணவரின் பெயர் என்னவாக எழுதப்படும்? பங்காளரா, கடன் கொடுத்தவரா, அல்லது நட்டத்துக்கும் பொறுப்பாளியா? இதை அவர் கோபிக்காமல் விளங்கப்படுத்தினால் நல்ல பிள்ளை. "சொந்தத்துக்குள் கடதாசி எதற்கு?" என்று கேட்டால், காசை வங்கியிலேயே விடுங்கள். சொந்தத்துக்குள்தான் கடதாசி அதிகம் வேண்டும். என்னுடைய இரண்டு நண்பர்களில் ஒருவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

காணி விற்ற காசு என்று எழுதியிருந்தீர்கள். அது எந்தக் காணி, யார் உழைத்தது என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பங்குக்குமேல் எடுக்க வேண்டாம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். பிறகு, ஒப்பந்தத்தைப் பார்க்குமுன் அரைப் பங்கும் வேண்டாம் என்றே எழுதுகிறேன். தம்பிக்கு என்மேல் கோபம் வரும். பரவாயில்லை.

ஒப்பந்தக் கடதாசியைக் காட்டினால், பெயர்களை மறைத்து ஒரு பிரதியை ஆசிரியரின் முகவரிக்கு அனுப்புங்கள். என்னுடைய ஆங்கிலம் அதற்குக் காணாது, ஆனால் எங்கள் வாசகர் ஒருவர் சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இரவு வேலை இல்லை. இருவரும் இருந்து வாசித்துச் சொல்வோம்.

கென்ய நண்பரிடம் இந்தக் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தோலைப் படம் எடுத்துப் போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் நம்பர் தெரியக்கூடாது, அம்மாவின் கணக்கு இன்னும் அந்த வங்கியில்தான் இருக்கிறது என்றார். படம் மங்கலாக வந்ததால் ஆசிரியர் போடவில்லை.

அடுத்த இதழில், வேலைத்தளத்தில் காயம்பட்டால் முதல் நாள் யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி எழுதுகிறேன். இதுபற்றி அனுபவம் உள்ளவர்கள் மாத முடிவுக்குள் எழுதி அனுப்பவும்.